நெடுமரங்களின் கதை – 9: அரை மைல் அகலப் பூங்கா

சென்ற இதழில் புரோமிதியஸ் மரத்தின் அடிக்கட்டையருகே நின்றோம். நெவாடாவில் வீலர் மலைச்சரிவில் வாழ்ந்த அந்தப் பிரிசில்கோன் பைன் மரத்தை 1964 ஆகஸ்டில், வனத்துறையின் அனுமதியோடுதான் வெட்டினார்கள். வெட்டி எண்ணிய பிறகே அதற்குள் 4,800-க்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்கள் இருந்தது தெரிந்தது. அதுவரை மனிதர் வயதறிந்த மரங்களில் அதுவே மூத்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால், 1964 ஜூலையில், ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் இன்னொரு மரத்தை உலகுக்கு அறிமுகம் செய்திருந்தது. கலிஃபோர்னியாவின் வடகோடியில், ரெட்வுட் கிரீக் என்ற ஓடை வளைந்து திரும்பும் ஒரு மூலையில், அந்த இதழின் இயற்கையியலாளர் பால் சால் அதை அளந்திருந்தார். உயரம் 367.8 அடி. மீட்டரில் 112. முப்பத்தைந்து மாடிக் கட்டடத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்கு உயிருள்ள ஒரு மரம். அன்று உலகில் உயிரோடு நின்ற மரங்களில் அதற்கு மேல் உயர்ந்தது எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை.

அந்த மரம் நின்ற நிலம் அர்கேட்டா ரெட்வுட் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனித் தலைவர் ஹோவர்ட் லிபியின் பெயரையே மரத்துக்கும் சூட்டினார்கள். உலகின் மிக உயரமான உயிர், மரம் அறுத்து விற்கும் ஒரு நிறுவனத்தின் சொத்துக் கணக்கில் இருந்தது. அதை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்த பதினான்கு ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றத்தைத் தூங்கவிடவில்லை.

கடற்பனி வளர்த்த காடு

ரெட்வுட் என்றதும் நம் ஊர்ச் செம்மரத்தை நினைத்துவிட வேண்டாம். இது வேறு இனம், வேறு குடும்பம். ஓரிகனின் தெற்கு ஓரத்தில் தொடங்கி, கலிஃபோர்னியக் கரையோரமாகவே மான்டரேக்குத் தெற்கு வரை நீளும் ஒரு குறுகிய பட்டையில்தான் கரையோர ரெட்வுட் இயற்கையாக வளர்கிறது. கோடையில் அங்கே மழை இல்லை. பசிபிக் கடலிலிருந்து எழுந்து உள்ளே வரும் மூடுபனிதான் அந்த மாதங்களில் மரத்துக்குத் தண்ணீர். ஊசியிலைகள் பனியைச் சீவி எடுத்துத் தரையில் சொட்டவிடுகின்றன. கொஞ்சத்தை இலைகளே நேராகக் குடித்துக்கொள்கின்றன.

இதன் விதை தக்காளி விதை அளவுதான். ஆணிவேர் கிடையாது. ஆழமில்லாத வேர்களைப் பக்கவாட்டில் நூறு அடி வரை பரப்பி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. பட்டை ஓர் அடி தடிமன்; எளிதில் தீப்பிடிக்காது. மரத்தில் ஊறிய டானின் பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. 2,000 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தவை உண்டு. வெட்டினாலும் அடிக்கட்டையைச் சுற்றி வட்டமாகத் துளிர்விடும். இந்தக் கடைசிக் குணம் பின்னால் ஒரு வாதமாகவே எழும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூரோக் பழங்குடி மக்கள் இந்த மரத்தைப் பிளந்த பலகைகளால் வீடு கட்டினார்கள். விழுந்த மரங்களைக் குடைந்து படகு செய்தார்கள். படகைச் செதுக்கும்போது உள்ளே ஒரு சிறு புடைப்பை விட்டுவைப்பார்கள். அது படகின் இதயம். மரம் படகான பிறகும் அது உயிர்தான் என்பது அவர்கள் நம்பிக்கை.

1850-இல் தங்கம் தேடி வந்த கூட்டம் ஹம்போல்ட் விரிகுடாவில் இறங்கியது. தங்கம் தீர்ந்தது, சிவப்புத் தங்கம் கரையோரமெல்லாம் நின்றது. உளுக்காத, எளிதில் எரியாத, நேர்கோடாகப் பிளக்கும் பலகை வேறெங்கே கிடைக்கும்? 1881-இல் யுரேகா நகரின் ஜான் டால்பியர் நீராவியால் இயங்கும் இழுவை எந்திரத்தை உருவாக்கினார். மாடுகள் நாள்கணக்கில் இழுத்த அடிமரங்களை அது மணிக்கணக்கில் இழுத்துப் போட்டது. 1906 நிலநடுக்கத்தில் அழிந்த சான் ஃபிரான்சிஸ்கோவை மீண்டும் எழுப்பியதிலும் ரெட்வுட் பலகைக்குப் பெரும் பங்குண்டு. சுமார் 20 லட்சம் ஏக்கர் பரப்பில் நின்ற ஆதிக்காட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஐந்து பங்குதான்.

புல் கிரீக் ஓடையின் எச்சரிக்கை

1917-இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன், ஜான் மெரியம், மாடிசன் கிராண்ட் ஆகிய மூவர் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். புது நெடுஞ்சாலையை ஒட்டிய ராட்சத மரங்கள் திராட்சைத் தோட்டக் கம்பங்களுக்காகவும் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் வெட்டப்படுவதைக் கண்டு திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே ‘சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்’ பிறந்தது. இந்த வரலாற்றில் ஒரு கறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவரான மாடிசன் கிராண்ட், வெள்ளையினமே உயர்ந்தது என்று நூல் எழுதியவர். மரத்தின் தொன்மையை மதிக்கத் தெரிந்தவருக்கு, அந்த மரத்தடியில் தொன்றுதொட்டு வாழ்ந்த மக்களை மதிக்கத் தெரியவில்லை. அந்த மக்கள் இக்கதையின் முடிவில் திரும்பி வருவார்கள்.

லீக்கின் வழி எளிமையானது: நன்கொடை திரட்டு, தோப்பை விலைக்கு வாங்கு, மாநில அரசிடம் ஒப்படை. ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகன் 20 லட்சம் டாலர் தந்தார். 1931-இல் புல் கிரீக் ஓடைக்கரைச் சமவெளியின் மாபெரும் காடு பசிபிக் லம்பர் கம்பெனியிடமிருந்து மக்கள் சொத்தானது. மிகச் சிறந்த தோப்பு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

ஆனால் வாங்கியது ஓடையின் கீழ்ப்பகுதியை மட்டும். மேலே மலைச்சரிவு தனியாரிடமே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு கட்டும் வேகம் கூடியபோது அந்தச் சரிவுகள் மொட்டையாயின. புல்டோசர்கள் மண்ணைக் கிளறிப் போட்டன. 1955 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வாரத்தில், பெருமழை கொட்டியது. மேலேயிருந்து மண்ணும் கல்லும் மரக்கழிவும் உருண்டு வந்தன. ஓடைப் படுகை மேடேறியது. போக வழியில்லாத வெள்ளம் கரைகளை அரித்தது. எவரும் வெட்ட முடியாதபடி சட்டம் காத்த தோப்பில் 500-க்கும் மேற்பட்ட பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன.

ஒரு கோடரிகூடப் படவில்லை. ஆனாலும் மரங்கள் போயின. மரத்தை மட்டும் வேலிபோட்டுக் காக்க முடியாது, அது குடிக்கும் ஓடையின் தலைமாடு வரை காத்தால்தான் அது பிழைக்கும் என்று புல் கிரீக் சொல்லிவிட்டது. எண்பது மைல் வடக்கே ரெட்வுட் கிரீக்கில் அந்தப் பாடத்தைப் படிக்க அமெரிக்காவுக்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

‘புழு’ என்ற பூங்கா

லிபி மரத்தின் படம் வெளிவந்ததும் தேசியப் பூங்கா வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஆனால் எங்கே என்பதில் காக்க வந்தவர்களே இரண்டுபட்டார்கள். பழைய லீக், மில் கிரீக் காட்டை முழு நீர்ப்பிடிப்போடு வாங்கலாம் என்றது. சியரா கிளப், ரெட்வுட் கிரீக் பள்ளத்தாக்கே வேண்டும் என்றது. கம்பெனிகளும் உள்ளூர்க்காரர்களும் இரண்டையும் எதிர்த்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ரம்பங்களும் நடந்துகொண்டிருந்தன.

1968 அக்டோபர் 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். 58,000 ஏக்கர், அதில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே மாநிலப் பூங்காக்களாக இருந்த நிலம். நிலம் வாங்க ஒதுக்கியது 9 கோடியே 20 லட்சம் டாலர். அந்தத் தொகைக்கு ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் கிடைக்காது என்பதால், லிபி மரத்தை எப்படியாவது உள்ளே கொண்டுவர ஒரு கோடு வரைந்தார்கள். ஓடைக்கு இரு பக்கமும் கால் கால் மைல். மொத்தம் அரை மைல் அகலம், எட்டு மைல் நீளம். வரைபடத்தில் அது நெளிந்து கிடந்த விதத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர்: ‘புழு’.

புழுவுக்குள் உலகின் மிக உயரமான மரம் பத்திரமாக இருந்தது. புழுவுக்கு வெளியே, இரு பக்க மலைச்சரிவுகளும் கம்பெனிகளுடையவை. அந்த மலை பொடிப்பொடியாக உதிரும் பாறையும் களிமண்ணும் கலந்தது, சரிவோ செங்குத்து, குளிர்காலத்தில் பேய்மழை. சட்டம் தடுக்காததால் பல இடங்களில் பூங்கா எல்லைவரை ஒரு மரம் விடாமல் வெட்டினார்கள். லிபி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்த பயணிக்கு, கிளைகளின் இடைவெளியில் மொட்டை மலை தெரிந்தது.

1972-இலும் 1975-இலும் பெருவெள்ளம் வந்தது. சரளையும் கல்லும் படுகையில் குவிந்து ஓடை உயர்ந்தது. மெல்லிய வண்டல் மூடினால் ரெட்வுட் அதற்குள் புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். காலங்காலமாக அப்படித்தான் வாழ்கிறது. ஆனால் மேடேறிய ஓடை கரையை அரிக்கத் தொடங்கினால் எந்த வேரும் தாங்காது. நிலவியல் ஆய்வுத்துறையின் ரிச்சர்ட் ஜாண்டா 1975-இல் இதை அளந்து அறிக்கை தந்தார். சியரா கிளப் நீதிமன்றம் போனது. பூங்காவைக் காக்கும் கடமையில் உள்துறை தவறிவிட்டது என்றார் நீதிபதி. புல் கிரீக்கின் கதை மறுபடி நடந்துகொண்டிருந்தது. இம்முறை அது தேசியப் பூங்காவிலேயே நடந்தது.

லாரியில் போன நிலக்கடலை

சான் ஃபிரான்சிஸ்கோவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிலிப் பர்ட்டன் பூங்காவை விரிவாக்கும் மசோதாவைக் கையிலெடுத்தார். யுரேகாவில் நடந்த விசாரணைக்கு மரத் தொழிலாளர்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். அவர்கள் கோபத்தை அலட்சியமாகக் கடந்துபோகக் கூடாது. ஓரிக், அர்கேட்டா போன்ற ஊர்களில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை அந்த ரம்பத்தால் உண்டது. பள்ளிக்கூடம் நடந்ததும் சாலை போட்டதும் மர வருமானத்தில்தான். தூரத்து நகரத்தார் ஒரு நாள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவதற்காக நம் அடுப்பு அணைய வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

1977 மே மாதம் ஏறத்தாழ இரண்டு டஜன் மர லாரிகள் அணிவகுத்து, நாட்டின் குறுக்கே வாஷிங்டன் போயின. அதில் ஒன்றின் முதுகில் ஒன்பது டன் எடையுள்ள ஒரு நிலக்கடலை; ரெட்வுட் அடிமரத்தில் செதுக்கியது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாவின் கடலை விவசாயி. அமெரிக்கப் பேச்சு வழக்கில் கடலை என்றால் அற்பம் என்றும் பொருள். உங்களுக்கு இது கடலைக்காசு, எங்களுக்கு வாழ்வு என்பது அந்தப் பரிசின் செய்தி. வெள்ளை மாளிகை அதை வாங்கிக்கொள்ளவில்லை. கடலை வந்த வழியே திரும்பி, ஓரிக் ஊரின் சாலையோரத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தது.

1978 மார்ச் 27 அன்று கார்ட்டர் கையெழுத்திட்டார். பூங்காவோடு 48,000 ஏக்கர் சேர்ந்தது. அதில் சுமார் 39,000 ஏக்கர் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்ட நிலம். 1968-இல் மரத்தோடு வாங்கியிருக்கக்கூடிய மலையை, பத்தாண்டு கழித்துப் பெரும் பணம் கொடுத்து அடிக்கட்டைகளாக வாங்கியது அரசு. அரை மைல் கோடு வரைந்து மிச்சம்பிடித்த கணக்கின் முடிவு இது.

ஆனாலும் அந்தச் சட்டம் இரண்டு காரியங்களில் முன்னோடி. வேலையிழந்தவர்களுக்குப் பல ஆண்டு ஊதிய ஈடு தர முன்வந்தது. மலையைச் செப்பனிட 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஈடு பசியை ஆற்றியது. தொழிலை மீட்டுத் தரவில்லை. 1960-களில் ஈராயிரம் பேர் வாழ்ந்த ஓரிக்கில் இன்று சில நூறு பேர்தான். பூங்காவை மட்டும் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. ஆட்களைக் குறைத்த எந்திரங்களும், அறுக்கப் பெருமரம் இல்லாமல் தீர்ந்துபோனதும் ஆலைகளை எப்படியும் மூடியிருக்கும். பூங்கா வராவிட்டால், அந்த ஊர் சில ஆண்டு தள்ளி அதே இடத்துக்கு வந்திருக்கும், கூடவே மரமும் இல்லாமல்.

சாலையை அழித்த புல்டோசர்கள்

புதிதாக வந்த நிலத்தில் சுமார் 300 மைல் மர லாரிச் சாலைகளும், அடிமரத்தை இழுத்த தடங்கள் ஆயிரக்கணக்கான மைலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் மழைநீரைத் திசைதிருப்பி மலையை அறுத்துக்கொண்டிருந்தது. அவற்றை அழிக்கப் புல்டோசர்கள் மறுபடி ஏறின. ஓட்டியவர்களில் சிலர் முன்பு மரத்தொழிலில் இருந்தவர்களே. சாலைக்காகத் தள்ளிய மண்ணைத் தோண்டி எடுத்து மலைச்சரிவைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூடிய ஓடைவழிகளைத் திறந்தார்கள். உலகில் இவ்வளவு பெரிய அளவில் சாலையை அழிக்கும் கலை அங்கேதான் வளர்ந்தது.

2006 ஆகஸ்டில், கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரண்டு மரத்தேடிகள் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மரத்தைக் கண்டார்கள். ஸ்டீஃபன் சில்லெட் என்ற தாவரவியலாளர் உச்சிவரை ஏறி, அங்கிருந்து நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார்: 379.1 அடி. ஹைபீரியன் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் உலகின் மிக உயரமான மரம் அதுவே.

அது நிற்பது 1968-இன் புழுவுக்குள் அல்ல. 1978-இல் சேர்ந்த நிலத்தில். லிபி மரத்தையே உச்சம் என்று நம்பி வரைந்த கோட்டுக்கு வெளியே, அதைவிட உயர்ந்த மரம் யாருக்கும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. வெட்டு நிலம் அதன் பக்கம்வரை வந்து நின்றிருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் தாமதித்திருந்தால், உலகின் மிக உயரமான மரத்தைப் பலகையாக்கியிருப்போம். ஆக்கினோம் என்பதே தெரியாமல் இருந்திருப்போம்.

வெட்டலாமா?

இப்போது அந்த வாதத்துக்கு வருவோம். முற்றிய மரம் வளர்ச்சி நின்ற மரம், எப்படியும் விழப்போவது, வெட்டினால் இளங்காடு துளிர்த்து வேகமாக வளரும் என்று கம்பெனிகள் சொல்லின. துளிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் சில்லெட்டும் அவர் குழுவினரும் மரத்தின் மேல் ஏறி அளந்தபோது வேறொன்று தெரிந்தது: வயதான பெருமரம்தான் ஓர் ஆண்டில் அதிக மரக்கட்டையைச் சேர்க்கிறது. முதிர்ந்த ரெட்வுட் காட்டில் ஒரு ஹெக்டேரில், தரைக்கு மேலே மட்டும், 2,600 டன் வரை கரியம் சேர்ந்திருக்கிறது. பூமியில் வேறெந்தக் காடும் இதை எட்டியதில்லை.

மரம் என்பது கட்டை மட்டுமல்ல. நூறு நூற்றைம்பது அடி உயரத்தில், கிளைக்கவைகளில் மக்கிய இலைகள் மண்ணாகி, அந்த மண்ணில் பெரணியும் புதரும் வளர்கின்றன. தரையைத் தொடாத சாலமாண்டர்கள் வாழ்கின்றன. மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடற்பறவை எங்கே முட்டையிடுகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1974-இல் கலிஃபோர்னியாவின் பிக் பேஸின் பூங்காவில் ஒரு முதுமரத்தின் பாசி படர்ந்த கிளையில் அதன் கூடு அகப்பட்டது. அகன்ற கிளையும் பாசி மெத்தையும் உருவாகப் பல நூற்றாண்டு வேண்டும். ஐம்பது வயதுத் துளிர்க்காடு அந்தப் பறவைக்கு வீடாகாது.

என் முடிவை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். எஞ்சியிருக்கும் ஐந்து சதத்தில் ஒரு மரமும் வெட்டக் கூடாது. வீடு கட்ட மரம் வேண்டும்தான். அதற்குத் துளிர்க்காடுகள் இருக்கின்றன, அவற்றை அளவோடு வெட்டி வாழும் தொழிலும் இருக்கிறது. அந்தப் பூங்காவுக்குள்ளேயே இன்று மரம் வெட்டுகிறார்கள். வெட்டு நிலத்தில் நெருக்கியடித்து முளைத்த இளமரங்களைக் களைந்தால்தான் மீதி மரங்கள் பெருமரமாகும் என்பதால் 2018 முதல் ‘ரெட்வுட்ஸ் ரைசிங்’ என்ற கூட்டுத் திட்டம் அதைச் செய்கிறது. ரம்பம் பகை இல்லை. எந்த மரத்தில், எதற்காக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உயரத்தின் மேல் நமக்குள்ள மோகமும் மரத்துக்கு ஆபத்தாகலாம். ஹைபீரியனைத் தேடி வந்தவர்களின் காலடியில் அதன் அடிநிலம் இறுகியது, பெரணிகள் அழிந்தன. 2022-இல் பூங்கா அந்தப் பகுதியையே மூடியது. மீறினால் ஆறு மாதச் சிறை வரை, 5,000 டாலர் வரை அபராதம்.

ஓரிக் ஊருக்கருகே ரெட்வுட் மரங்களை அறுத்துத் தள்ளிய ஒரு பழைய ஆலையின் 125 ஏக்கர் நிலம் இருக்கிறது. லீக் அதை 2013-இல் வாங்கியது. தார்த்தளத்தைப் பெயர்த்தெடுத்து, நெரிந்து கிடந்த ஓடைக்கு வளைவு நெளிவோடு புது வழி வெட்டினார்கள். சால்மன் குஞ்சுகள் திரும்பி வந்தன. அந்த நிலத்தை யூரோக் மக்களிடமே ஒப்படைத்து, பூங்காவோடு சேர்ந்து பராமரிக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. லீக்கைத் தொடங்கியவர்கள் காணத் தவறிய மக்களிடம், நூறாண்டு கழித்து, அதே லீக் நிலத்தைத் திருப்பித் தருகிறது. படகுக்குள் இதயம் வைத்துச் செதுக்கியவர்களுக்கு, மரமும் ஓடையும் மலையும் ஒன்றென்று யாரும் அறிக்கை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

*(அடுத்த இதழில்: பசிபிக் லம்பர் கம்பெனி கைமாறுகிறது, வெட்டும் வேகம் கூடுகிறது. 1997 டிசம்பரில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒரு ரெட்வுட் மரத்தில் ஏறுகிறாள். இரண்டு ஆண்டுகள் அவள் தரையில் கால் வைக்கவில்லை.)*